பிளக்-இன் ஹைபிரிடா, முழு மின்சாரமா: அவிநாசியில் ஒரு வீட்டின் கணக்கு

அவிநாசியில் சொந்த வீடு. திருப்பூரில் பனியன் கம்பெனி. காங்கேயம் பக்கம் தோட்டம், அதில் ஒரு சாளை (தோட்டத்து வீடு). இந்த மூன்றுக்கும் நடுவே ஓடுகிற கார்தான் இந்த ஆய்வின் பொருள். அந்தக் குடும்பம் சில ஆண்டுகள், பெட்ரோல் எஞ்சினும் வீட்டில் செருகிச் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் சேர்ந்த பிளக்-இன் ஹைபிரிட் கார் வைத்திருந்தது. 2025 கோடையில் அதை விட்டுவிட்டு முழு மின்சாரக் காருக்கு மாறியது. மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் மின்சார வேலை எடுத்துச் செய்வது என் தொழில். இரண்டு காருக்கும் வீட்டில் சார்ஜிங் பாயின்ட் போட்டுக் கொடுத்து, மீட்டர் வைத்து அளந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குடும்பத்தார் பெயர் வேண்டாம் என்றார்கள். கார்களின் பெயரையும் சேர்த்தே விட்டுவிடுகிறேன். இங்கே பேச்சு எந்தக் கம்பெனி நல்லது என்பது பற்றி அல்ல.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இந்தக் கேள்வியை இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். பெட்ரோலும் இருக்கட்டும், பிளக்கும் இருக்கட்டும் என்பது கேட்க நல்ல யோசனையாகத்தான் தெரிகிறது. வீட்டுக்குள் வந்த பிறகு அது எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

வண்டியும் ஓட்டமும்

முதல் கார் ஐரோப்பியத் தயாரிப்பு. ஏழு பேர் உட்காரலாம், எடை 2.3 டன். முன் சக்கரங்களுக்கு 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், பின் சக்கரங்களுக்கு மின் மோட்டார், நடுவில் 10 யூனிட் கரண்ட் பிடிக்கிற பேட்டரி. மின்சாரத்தில் மட்டும் 40 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று கம்பெனி சொன்னது. நம் வெயிலில் ஏசி போட்டு, திருப்பூர் நெரிசலில் ஓட்டினால் 28, மிஞ்சிப்போனால் 30.

வாங்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவிநாசியிலிருந்து கம்பெனிக்கு 14 கிலோமீட்டர். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற பழக்கம் உண்டு. ஆக, ஒரு நாளைக்கு நான்கு நடை, 56 கிலோமீட்டர். அது போக வாரம் ஒருமுறை தோட்டம், அவ்வப்போது சென்னை, விடுமுறையில் ஊட்டி. அன்றாட ஓட்டத்துக்குக் கரண்ட், நெடும்பயணத்துக்குப் பெட்ரோல் என்று கணக்குப் போட்டார்கள். முழு மின்சாரக் காரைப் பற்றி அப்போதே நான் பேச்செடுத்தேன். "சார்ஜ் தீந்து நடு ரோட்டுல நின்னா என்னங்ணா பண்றது? வீட்டுல பெரியவங்க இருக்கறாங்க" என்றார் மகன். நியாயமான பயம். அந்த வருடங்களில் சேலத்தைத் தாண்டினால் வேக சார்ஜர் அரிது.

இரவு முழு சார்ஜ் ஏற்றினால் காலைப் போக்குவரத்து 28 கிலோமீட்டரும் கரண்டிலேயே முடிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் செருகினால் 3 யூனிட் ஏறும். அதில் 10 கிலோமீட்டர் போகலாம். கம்பெனியிலும் ஒரு பாயின்ட் இருந்து, அங்கேயும் செருகினால் நாள் முழுக்கப் பெட்ரோலே தேவையில்லை. அதாவது, இந்த வண்டி முழுப் பலன் கொடுக்க ஒரு நாளைக்கு மூன்று முறை செருக வேண்டும். காகிதத்தில் யாரும் இதை எழுதிக் காட்டவில்லை.

மீட்டர் காட்டியது

"ஈபி பில்லும் ஏறுது, பெட்ரோலும் கொறையில" என்று வீட்டார் குறைப்பட்டபோது சார்ஜிங் பாயின்டுக்கு மட்டும் தனியாக ஒரு சப்-மீட்டர் வைத்தேன். தினமும் இரவு ஒரு முழு சார்ஜ் என்றால், சுவரிலிருந்து எடுப்பது சுமார் ஒன்பதரை யூனிட். மாதத்துக்கு 280 யூனிட் ஓடியிருக்க வேண்டும். மீட்டர் 100ஐத் தொடவில்லை. மூன்றில் ஒரு பங்கு இரவுகளில்தான் வண்டி செருகப்பட்டிருந்தது. கம்பெனியில் போட்ட பாயின்ட் அதைவிட மோசம். லோடு ஏற்றும் டெம்போக்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அது இருந்ததால் கார் அங்கே போய் நிற்கவே இல்லை.

ஏன் செருகவில்லை என்று விசாரித்தேன். ஓட்டுநர் சொன்னது இது: "நான் எட்டு மணி பஸ்ஸப் புடிக்கோணும் சார். முதலாளி மறுக்காவும் வண்டிய எடுப்பாருன்னு வயர மாட்டறதில்லீங்." முதலாளி இரவில் ஒருமுறை வண்டியை எடுத்துப் போய்வந்து நிறுத்துகிறார், ஓட்டுநர் செருகியிருப்பார் என்று அவர் நினைக்கிறார். கேபிள் டிக்கியில் கிடக்கிறது. காலையில் பேட்டரி காலி. ஆனாலும் வண்டி கிளம்புகிறது, ஏனென்றால் டாங்கில் பெட்ரோல் இருக்கிறது. யாருக்கும் வேலை கெடவில்லை, யாரும் யாரையும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் பங்க் கணக்கைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

இதை அந்தக் குடும்பத்தின் அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் 2021இல் பதிவான கார்களிலிருந்தே எடுத்த எரிபொருள் தகவல்களை ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் சாலையில் வெளியிட்ட கரியமிலவாயு, சோதனைக்கூடக் கணக்கைப் போல மூன்றரை மடங்கு. சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்களில் அந்த வித்தியாசம் 20 விழுக்காடு அளவுதான். எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சார்ஜ் செய்யவில்லை என்பதுதான் அங்கேயும் முதல் காரணம். ஐரோப்பாவிலேயே இப்படி.

எர்த் கதை

செருகாத இரவுகளில் ஒரு பங்குக்குப் பழி நம் மண்ணைச் சேரும். அவர்கள் வீடு இருப்பது சரளை மேடு. பங்குனி, சித்திரையில் மண் காய்ந்து இறுகிவிடும். வீடு கட்டும்போது போட்ட எர்த் குழியை (கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் குழி) அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சார்ஜர் கேபிளின் நடுவில் இருக்கிற பெட்டி, எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். வீட்டில் இருந்தவர்கள் "சார்ஜரு கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

நான் போய் மீட்டர் வைத்தபோது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 20 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஃபிரிட்ஜும் மிக்ஸியும் இதைக் கண்டுகொள்ளாது. அவை ஓடிக்கொண்டே இருக்கும். காரின் சார்ஜர் அப்படி ஓடாது, ஓடவும் கூடாது. அந்தச் சிவப்பு விளக்கு ஓர் உயிரைக் காப்பதற்காக இருப்பது. போர்டிகோவுக்குப் பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு மேல் புதுக் குழி எடுத்து, பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் ஊற்ற மேலே ஒரு புனல் விட்டு மூடினோம். வோல்ட் இரண்டுக்குக் கீழே இறங்கியது. வாசல் தெளிக்கும்போது அந்தப் புனலிலும் ஒரு குடம் ஊற்றிவிடுங்கள் என்று வீட்டு அம்மாவிடம் சொல்லிவைத்தேன். இன்றுவரை ஊற்றுகிறார்கள்.

சார்ஜிங் பாயின்ட் கேட்டு வருகிற எல்லோரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி எர்த் எப்போது போட்டீர்கள் என்பதுதான். பிளக்-இன் ஆனாலும் முழு மின்சாரம் ஆனாலும் இதில் வித்தியாசம் கிடையாது. பழைய ஏசி பாயின்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இரவெல்லாம் கார் ஏற்றுகிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

எஞ்சினின் பாடு

இரண்டு எந்திரம் இருக்கிற வண்டிக்கு இரண்டின் செலவும் உண்டு. மேம்பாலம் ஏறும்போது அல்லது பஸ்ஸை முந்தும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் மோட்டாரின் பலம் போதாமல் எஞ்சின் எழுந்துகொள்ளும். இரண்டு நிமிடம் ஓடும், மறுபடி நின்றுவிடும். எஞ்சின் சூடேற நேரம் கிடைப்பதில்லை. சூடேறாத எஞ்சினில் எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் போய்ச் சேரும். அதனால் குறைவாக ஓடினாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றியே ஆக வேண்டும். டாங்கில் பெட்ரோல் மாதக் கணக்கில் தேங்குவதும் நல்லதல்ல. இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால், அது ஈரத்தை இழுக்கும்.

பங்க்கில் ஒரு சங்கடம். இந்த வகைக் கார்கள் சிலவற்றில் பெட்ரோல் டாங்க் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். எஞ்சின் ஓடாத நாட்களில் ஆவி வெளியேறாமல் இருக்க அப்படி ஏற்பாடு. பெட்ரோல் போட வேண்டுமென்றால் உள்ளே ஒரு பொத்தானை அழுத்தி, அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் மூடி திறக்கும். பங்க் பையன் மூடியைத் தட்டிப் பார்க்கிறான், பின்னால் நிற்கிற வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓட்டுநர் வியர்த்துப்போகிறார். சின்ன விஷயம்தான். ஆனால் ஓட்டுநருக்கு அந்த வண்டி மேல் வெறுப்பு வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சர்வீஸும் சுலபமில்லை. உயர் மின்னழுத்த வேலை தெரிந்த ஆள் கோவையில் இல்லை, வெளியூரிலிருந்து வரவேண்டும் என்று ஒருமுறை வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். 1937இலேயே மின் மோட்டார் செய்த ஊர் இது. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கை தெருவுக்குத் தெரு இருக்கிறது. அந்தக் கைகளுக்குக் கார் மோட்டாரும் பேட்டரியும் பழகக் கொடுத்தால் நிச்சயம் செய்வார்கள். ஐடிஐகளில் இது சீக்கிரம் நடக்க வேண்டும்.

ஊட்டி ஏற்றம்

இரண்டு கார்களையும் ஒரே அளவுகோலில் பார்க்க மேட்டுப்பாளையம்–ஊட்டி சாலையைவிட நல்ல இடம் கிடையாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஆட்களும் பெட்டிகளும் சேர்த்து 2.6 டன் எடையை 1,900 மீட்டர் மேலே தூக்க, உராய்வு எதுவும் இல்லாவிட்டாலும் 13 யூனிட்டுக்கு மேல் வேண்டும். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, அதை 9.8ஆலும் பெருக்கி, 36 லட்சத்தால் வகுத்தால் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். பிளக்-இன் காரின் மொத்தப் பேட்டரியே 10 யூனிட். அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் போவதற்குள்ளேயே அது தீர்ந்துவிடும். மலை முழுக்க எஞ்சின்தான், லிட்டருக்கு ஏழு எட்டு கிலோமீட்டர். இறங்கும்போது மோட்டார் பிரேக் பிடித்துக் கரண்ட் எடுக்கும்; ஆனால் கொஞ்சம் சார்ஜோடு கிளம்பினால் சின்னப் பேட்டரி வழியிலேயே நிறைந்துவிடும், மிச்சம் வீண்.

புதுக் காரின் பேட்டரி 75 யூனிட். அதே மலைக்கு 20, 22 யூனிட் எடுத்தது. இறங்கும்போது எட்டு ஒன்பது யூனிட் திரும்பக் கிடைத்தது. இதில் ஒரு எச்சரிக்கை: ஊட்டியில் தங்குகிற இடத்தில் நூறு விழுக்காடு சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். நிறைந்த பேட்டரியில் கரண்ட் ஏற இடமிருக்காது; மோட்டார் பிரேக் சரியாகப் பிடிக்காது; முழு பாரமும் சக்கர பிரேக்கில் விழும். 80, 85இல் நிறுத்திக்கொண்டால் குன்னூரைத் தாண்டிக் கல்லாறு வளைவுகள்வரை நிம்மதியாக இறங்கலாம். வால்பாறை, திம்பம் மலைகளுக்கும் இதேதான்.

மாறிய பிறகு

பிளக்-இன் ஹைபிரிட் ஏன் பிறந்தது என்று யோசித்தால் இந்த மாற்றம் புரியும். 2008 டிசம்பரில் சீனாவில் பிஒய்டி கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2010 கடைசியில் அமெரிக்காவில் செவர்லே வோல்ட் வந்தது. அப்போது ஒரு யூனிட் பேட்டரியின் விலை ஆயிரம் டாலர் அளவில் இருந்தது. அந்த விலையில் சின்னப் பேட்டரியும் கூடவே ஒரு எஞ்சினும் வைப்பதே புத்திசாலித்தனம். புளூம்பெர்க் ஆய்வுப் பிரிவின் 2024 கணக்கில் அது சராசரி 115 டாலர். இப்போது கூடுதலாக 65 யூனிட் பேட்டரி வைப்பதற்கு ஒரு எஞ்சின், கியர்பாக்ஸ், சைலன்சர், டாங்க் எல்லாவற்றையும் சுமப்பதைவிட நியாயம் இருக்கிறது.

வரியும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. பெரிய ஹைபிரிட் கார்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸுமாக 43 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு 40. மின்சாரக் காருக்கு 5. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேலான காருக்குச் சாலை வரி 20 விழுக்காடு. அவர்கள் வாங்கிய நேரத்தில் பேட்டரி கார்களுக்கு அதில் முழு விலக்கு. பிளக் இருக்கிறது என்பதற்காக ஹைபிரிடுக்கு அந்த விலக்கு கிடையாது.

வீட்டில் மூன்று பேஸ் ஏற்கனவே இருந்தது. ஈபியில் லோடு மட்டும் கூட்டி எழுதிக் கொடுத்து, 7.2 கிலோவாட் சார்ஜரைச் சுவரில் மாட்டி, தனி எம்சிபி (லோடு மீறினால் துண்டிப்பது), தனி ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிப்பது) வைத்தோம். கேபிள் சுவரிலேயே தொங்குகிறது, டிக்கியைத் திறக்கும் வேலையில்லை. இதில் என்னை வியக்கவைத்தது, யாரும் சொல்லாமலே செருகும் பழக்கம் வந்துவிட்டது. பெட்ரோல் இல்லை என்று தெரிந்தபின் அது மருமகளின் பொறுப்பாயிற்று; இரவு கேட் பூட்டும்போது செருகிவிடுகிறார். அதுவும் தினமும் தேவைப்படவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று இரவு போதும். சின்னப் பேட்டரி ஒரு நாளைக்கு மூன்று முறை கேட்டது. பெரிய பேட்டரி மூன்று நாளைக்கு ஒருமுறை கேட்கிறது.

செலவைப் பார்ப்போம். இந்த வீட்டில் ஏசி, மோட்டார் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு ஏற்கனவே 1,000 யூனிட்டை ஒட்டி ஓடுகிறது. எனவே காருக்குப் போகிற ஒவ்வொரு யூனிட்டும் ஈபி கட்டணத்தின் கடைசிப் படியில், 11 ரூபாய் 80 காசில் விழுகிறது. "வீட்டுக் கரண்ட் அஞ்சு ரூபாய்தானே" என்று கணக்குப் போடுகிறவர்கள் தங்கள் ஈபி அட்டையை எடுத்துப் படியைப் பார்க்க வேண்டும். அப்படியும் இரண்டு மாதத்தில் 4,000 கிலோமீட்டர் ஓட சுமார் 750 யூனிட், 9,000 ரூபாய்க்குள். பழைய காரில் அதே தூரத்துக்குப் பெட்ரோலும் கரண்டுமாக 36,000 ரூபாய் அளவில் போயிற்று.

கடைசிப் படியில் விழுகிற வீட்டுக்குத்தான் மாடி சோலார் அதிகம் மிச்சம் பிடிக்கும். 5 கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளைக்கு 20 யூனிட் கொடுக்கும். ஒன்றிய அரசின் மானியம் 3 கிலோவாட்டுக்கு மேல் 78,000 ரூபாய். பகலில் கார் கம்பெனியில் நின்றாலும், ஈபிக்குக் கொடுத்த யூனிட்டை வாங்கிய யூனிட்டிலிருந்து கழிக்கும் நெட் மீட்டர் கணக்கில் கழிந்துவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பல்லடம், உடுமலை காற்றாலைகள் இரவெல்லாம் சுற்றுகின்றன. நம் காற்றிலேயே நம் கார் ஓடுகிறது என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம் உண்டு.

பெரியவர் ஒரு யோசனை சொன்னார். "தோட்டத்துல கரண்டு சும்மாதானே வருது கண்ணு, அங்கியே போட்டுக்கலாமுல்ல?" கூடாதுங்க அய்யா என்றேன். பம்புசெட் சர்வீஸ் பாசனத்துக்காகக் கொடுத்த இலவசம்; அதில் கார் ஏற்றுவது முறைகேடு, பிடித்தால் அபராதம். அதைவிட, அந்த இலவசம் நாளைக்கும் விவசாயிக்கு நிலைக்க வேண்டும் என்றால் நாமே அதை இப்படிச் செலவழிக்கக் கூடாது. சாளைக்கு உள்ள வீட்டு சர்வீஸில் ஒரு 16 ஆம்ப்ஸ் பாயின்ட் போட்டுக் கொடுத்தேன். பெரியவர் மறுபேச்சுப் பேசவில்லை.

சென்னைப் பயணத்தில்தான் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கம்பெனி சொல்வது 600 கிலோமீட்டருக்கு மேல்; நான்கு வழிச்சாலையில் நூறுக்கு மேல் போனால் 400க்குள்தான். அவிநாசியிலிருந்து சென்னை சுமார் 460. ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் ஒருமுறை நிறுத்தி முக்கால் மணி நேரம் ஏற்றினால் போதும், சாப்பிடுகிற நேரம்தான். ஆனால் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கிற சார்ஜரில் இரண்டு துப்பாக்கி (காரில் செருகும் முனை) இருந்து, பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகினால் இருவருக்கும் 30, 30 ஆகப் பிரிந்துவிடும். முக்கால் மணி ஒன்றரை மணியாகும். யூனிட் விலையும் வீட்டைப் போல இரு மடங்கு. பொங்கல், தீபாவளிக் கூட்டத்தில் அவர்கள் ரயிலில் போகிறார்கள்.

யாருக்கு எது

சொந்த வீடு, சொந்தப் போர்டிகோ, நாளைக்கு நூறு கிலோமீட்டருக்குள் ஓட்டம் என்றால் நம் பக்கத்தில் முழு மின்சாரத்துக்கே போகலாம் என்பது என் தீர்ப்பு. கோவையில் அடுக்குமாடியில் இருந்துகொண்டு, சங்கத்தில் பாயின்டுக்கு அனுமதி கிடைக்காதவர்கள் பிளக் உள்ள எந்தக் காரையும் வாங்க வேண்டாம். செருகத் தேவையில்லாத ஹைபிரிட் கார்கள் அவர்களுக்குச் சரி. பிளக்-இன் ஹைபிரிடுக்கு நான் கதவை முழுக்கச் சாத்தவில்லை. சீனாவில் இப்போது கரண்டில் மட்டும் 100 கிலோமீட்டருக்கு மேல் போகிற பிளக்-இன் கார்கள் விற்கின்றன. அப்படி ஒன்று நடுத்தர விலையில் இங்கே வந்திருந்தால் இந்த அவிநாசி வீட்டின் மீட்டர் வேறு கணக்குக் காட்டியிருக்கும். மாதத்துக்கு நான்கைந்து முறை முன்கூட்டிச் சொல்லாமல் நெடுந்தூரம் போக வேண்டியவர்கள், வீட்டில் ஒரே கார்தான் என்பவர்கள் அதற்குக் காத்திருக்கலாம்.

பழைய பிளக்-இன் கார் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் போயிற்று. வாங்கியவர் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு மருத்துவர். வீடும் கிளினிக்கும் ஒரே வளாகம், நாளைக்கு இருபது கிலோமீட்டருக்குள் ஓட்டம், வண்டியை ஓட்டுவதும் செருகுவதும் அவர் ஒருவரே. ஈரோட்டுக்கும் கோவைக்கும் எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள், அதனால் பெட்ரோலும் வேண்டும் என்றார். வண்டியை எடுப்பதற்கு முன்பே எர்த் பார்க்க என்னை வரச் சொல்லிவிட்டார். வாய்க்கால் பாசனப் பூமி, மண்ணில் ஈரம் இருந்தது. இருந்த குழியே போதும் என்று சொல்லி, ஒரு சப்-மீட்டரை மட்டும் மாட்டிவிட்டு வந்தேன்.